களையோடு மண்ணையும் பிடுங்க வேண்டாம்

கீரிமலையில் மலை இல்லை. கடலோரமாகச் சில மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் சுண்ணக்கற் பாறையும், அதன் அடியில் ஊறிக் கேணியை நிரப்பும் நன்னீருமே அங்கு உண்டு. கீரிமுகம் கொண்ட முனிவர் ஒருவர் அங்கு தீர்த்தமாடி முகம் மாறினார் என்ற ஐதீகத்தால் ஊருக்கு அந்தப் பெயர் வந்தது. அப்படியிருக்க, மலைச்சரிவுகளில் மரவேர்கள் மண்ணை எவ்வாறு பிடித்து வைத்திருக்கின்றன என்று விஞ்ஞானிகள் செய்த ஆய்வுகளை வலிகாமம் வடக்குக் கமக்காரர் முன் வைப்பது பொருத்தமா என்று சிலர் கேட்கக்கூடும்.

பொருத்தம் என்பது மட்டுமல்ல, அவசரம் என்பதும் எமது கருத்து. மண் போவதற்கு மலை தேவையில்லை. மூடியிருந்த பச்சை போய்விட்டால் போதும். சமதரையிலும் மண் போகும். மலையில் ஓர் இரவில் நடப்பது எமது காணிகளில் பத்து மாரியில் நடக்கின்றது. சத்தமின்றி நடப்பதனால் யாரும் அதைச் செய்தியாக எழுதுவதில்லை.

1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு எழும்பினார்கள். சில நாட்களில் திரும்பலாம் என்று எண்ணிப் புறப்பட்டவர்கள் இருபது, இருபத்தைந்து, முப்பது வருடங்கள் முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் வாடகை வீடுகளிலும் காலம் கழித்தார்கள். போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. இன்னும் விடுவிக்கப்படாத காணிகளும் உண்டு. இந்தப் பக்கங்களை வாசிக்கும் குடும்பங்களிற் சில ஊர் திரும்பிவிட்டன. சில இன்னும் வேலிக்கு வெளியே நிற்கின்றன. இரு பகுதியாருக்கும் நாம் சொல்ல விரும்புவது ஒன்றே: காணி கைக்கு வந்த முதல் மாதத்தில் நீங்கள் செய்யும் வேலை, அந்தக் காணியின் அடுத்த முப்பது வருடங்களைத் தீர்மானிக்கின்றது.

முதல் மாதத்தில் வழக்கமாக என்ன நடக்கின்றது? வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் கிடக்கின்றது. பனைகள் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டுப் போயிருக்கின்றன. எஞ்சிய இடமெங்கும் இப்பில்-இப்பிலும் முட்பற்றையும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருக்கின்றன. எது எமது காணி, எது அயலவர் காணி என்று தெரியாது. உடனே ஒரு ஜே.சி.பி. இயந்திரம் பிடிக்கப்படுகின்றது. மணித்தியாலக் கணக்கில் கூலி என்பதால், நின்றது எல்லாவற்றையும் வேரோடு வாரி ஒரு மூலையிற் குவிக்கின்றார்கள். குவியலுக்குத் தீ வைக்கப்படுகின்றது. மாலையாகும்போது காணி வெளித்துவிடுகின்றது. இத்தனை வருடம் காணாத காணியைக் கண்ட மகிழ்ச்சியில் யாரும் குறை சொல்ல மனம் வராது. ஆனால் ஐப்பசியும் கார்த்திகையும் வரும்போது, அந்த வெறுந்தரையில் மழை நேரே விழுகின்றது.

அலாஸ்காவிலும் தாய்லாந்திலும் கண்டறிந்தவை

அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியென் வூ என்னும் மண்பொறியியற் பேராசிரியர், அலாஸ்காவின் பிரின்ஸ் ஒவ் வேல்ஸ் தீவில் தம் துணைவர்களோடு செய்த ஆய்வை 1979இல் வெளியிட்டார். அந்தத் தீவில் காடு முற்றாக வெட்டப்பட்ட சரிவுகளில் பின்னர் மண்சரிவுகள் கூடின. ஏன் என்பதே கேள்வி. மண்ணுக்குள் இருந்த வேர்களை எடுத்து இழுத்துப் பார்த்து, எவ்வளவு இழுவையில் அறுகின்றன என்று அளந்தார்கள்.

அவர்கள் கண்டது கட்டட வேலை தெரிந்த எவருக்கும் விளங்கும். சீமெந்துக் கலவை அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதனால்தான் கொங்கிறீற்றுக்குள் கம்பி வைக்கிறோம். மண்ணும் அப்படித்தான். அதை அமுக்கலாம், இழுத்தால் பிளந்துவிடும். வேர் மண்ணுக்குள் ஓடும் கம்பி. மண் வழுக்க முயலும்போது வேர் இழுபட்டு அதைத் தடுத்து நிறுத்துகின்றது. இதில் ஒரு விசேஷம் உண்டு. பருத்த வேரைவிட மெல்லிய வேரே, அதன் குறுக்களவுக்கு ஏற்பப் பார்த்தால், அதிக பலமுள்ளது. ஒரு தடித்த வேர் செய்வதைவிட நூறு மெல்லிய வேர்கள் சேர்ந்து அதிகம் செய்யும்.

இந்த ஆய்வுகளில் எமக்கு மிக முக்கியமானது வேறொன்று. மரத்தை வெட்டிய அன்றே மண் சரிவதில்லை. வேர் செத்தாலும் சில காலம் மண்ணைப் பிடித்தபடியே இருக்கும். பின்னர் அது உக்கத் தொடங்கும். புதிதாக நட்ட கன்றின் வேர் பலம் பெறுவதற்கோ பல வருடங்கள் வேண்டும். பழைய வேர் உக்கி, புதிய வேர் இன்னும் பிடிக்காத அந்த இடைக்காலமே ஆபத்துக்காலம். வெட்டி மூன்று வருடங்களின் பின்னரும் பத்து வருடங்களின் பின்னரும் சரிவு வந்தால், வெட்டியவனை யாரும் நினைப்பதில்லை; மழையைக் குறை சொல்கின்றோம்.

எமக்கு இன்னும் கிட்டிய உதாரணம் தாய்லாந்து. 1988ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் பெய்த பெருமழையில், அந்நாட்டின் தெற்கே நக்கோன் சி தம்மராட் மாகாணத்தின் மலைச்சரிவுகள் இடிந்து கிராமங்களின் மேல் விழுந்தன. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். இயற்கைக் காட்டை அழித்து இறப்பர் நட்ட சரிவுகள் பல அதில் அடங்கும். அடுத்த வருடமே அந்நாட்டு அரசு இயற்கைக் காடுகளில் மரம் தறிப்பதை நாடு முழுவதும் தடைசெய்தது. அந்த மலைப்பகுதியில் மரவேர்களின் பலத்தை அளந்து ஆராய்ந்தவர் நிலவீர என்னும் ஆய்வாளர். மரத்துக்கு மரம் வேரின் பலமும் ஆழமும் பரவும் விதமும் வேறுபடுகின்றன என்பதை அவரது ஆய்வு காட்டியது. எல்லா மரமும் மரம்தான், எல்லாப் பச்சையும் பச்சைதான் என்ற எண்ணம் தவறானது.

அதே நிலவீரவும் தாய்லாந்துப் பொறியியலாளரான டித்தி ஹெங்சாவோவனிச்சும் சேர்ந்து 1996இல் வெட்டிவேரை ஆராய்ந்தார்கள். எமது பெண்கள் தண்ணீருக்கு வாசனையாகப் போடும் அதே வெட்டிவேர்தான். அதன் வேரின் இழுவைப் பலம், சாதாரண உருக்குக் கம்பியின் பலத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு என்று கண்டார்கள். ஒரு புல்லின் வேருக்கு இது சிறிய பலமல்ல.

மலையகம் தரும் பாடம்

எம் நாட்டில் இந்தப் பாடத்துக்கு விலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஏழைகளே. மலையகத்தின் காடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் அழிக்கப்பட்டன. ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காட்டையாவது தொடவேண்டாம் என்று தாவரவியல் அறிஞர் ஹூக்கர் 1873இலேயே அரசுக்கு எழுதினார். 1951இல் மண் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. சட்டம் இருந்தும், 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்குப் பல வருடங்கள் முன்னரே எச்சரித்திருந்தது. ஆனால் போவதற்கு வேறு நிலம் இல்லாதவருக்கு எச்சரிக்கை மட்டும் கொடுத்து என்ன பயன்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையில் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மீண்டும் மலைகள் சரிந்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்.

மரம் இருந்திருந்தால் ஒன்றும் நடந்திராது என்று நாம் சொல்லவில்லை. வேர் எட்டாத ஆழத்தில் மலை வழுக்கினால் எந்த வேரும் அதைத் தடுக்காது. வேரின் காவல் மேல்மண்ணின் ஒன்றிரண்டு மீற்றருக்குத்தான். ஆனால் எமது கீரிமலையில் மண்ணே அவ்வளவுதான். பல இடங்களில் ஒரு முழம் தோண்டினாற் கல் தட்டுப்படும். அதாவது, வேர் காக்கக்கூடிய ஆழமும் எம்மிடம் உள்ள மண்ணின் ஆழமும் ஒன்றே. மலையகத்தில் வேர் ஒரு பகுதியைக் காக்கும். இங்கு அது முழுவதையும் காக்கும்.

எமது மண் எப்படிப் போகின்றது

குடாநாட்டின் செம்பாட்டு மண் சுண்ணக்கல்லின் மேல் மெல்லிய போர்வையாகக் கிடக்கின்றது. எமது முன்னோர் கல்லைப் பிளந்து, பொறுக்கி மதிலாக அடுக்கி, கடகத்தில் மண்ணும் எருவும் சுமந்து, குழை தாழ்த்து, அதைத் தோட்டமாக்கினார்கள். வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் விளைந்தது அந்தச் சுமையின் பலனால். சுண்ணக்கல்லிலிருந்து ஓர் அங்குல மண் தானாக உருவாகுவதற்கு எத்தனையோ தலைமுறைகள் வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச். ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அந்தப் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கு மண் கழுவுண்டு போனாற் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் போனது கால் கன மீற்றர் மண். நிறை முந்நூறு கிலோவுக்கு மேல். எட்டுப் பரப்புக் காணி என்றால் இரண்டரைத் தொன். அதைத் திரும்பக் கடகத்திற் சுமக்க யாரால் முடியும்?

மழைத்துளி வெறுந்தரையில் விழும்போது மண்கட்டியை உடைக்கின்றது. உடைந்த தூள் நீரோடு கலந்து சேறாகி மண்ணின் நுண்துளைகளை அடைக்கின்றது. துளை அடைபட்டால் தண்ணீர் கீழே இறங்காது, மேலால் ஓடும், ஓடும்போது மண்ணையும் கொண்டு போகும். வோல்டர் லௌடர்மில்க் என்னும் அமெரிக்க மண் விஞ்ஞானி இதை 1920களின் இறுதியிற் பரிசோதித்துக் காட்டினார். இலைச்சருகு கிடந்த மண்ணில் விழுந்த நீர் தெளிவாகக் கீழே இறங்கியது. சருகை எரித்து வெறுமையாக்கிய மண்ணில் விழுந்த நீர் கலங்கி, துளைகளை அடைத்து, மேலால் ஓடியது. அதே மண், அதே மழை. வேறுபாடு சருகு மட்டும். இந்த மனிதரே 1939இல் எருசலேமிலிருந்து வானொலியிற் பேசியபோது, பத்துக் கட்டளைகளுக்கு அடுத்ததாகப் பதினொன்றாவது கட்டளை ஒன்று வேண்டும், அது மண்ணைக் காக்கும் கட்டளையாக இருக்கவேண்டும் என்று சொன்னார்.

இது மண்ணின் கதை மட்டுமல்ல, தண்ணீரின் கதையும்கூட. எமக்கு ஆறு இல்லை. மழை கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தேங்குவதே எமது கிணற்று நீர். கீரிமலைக் கேணியில் ஊறுவதும் அவ்வாறு இறங்கிய நீரே. மாரி மழை இறங்காமல் மேலால் ஓடிக் கடலிற் சேர்ந்தால், அடுத்த ஆடியிற் கிணறு உவராகும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காக 1950 தொடக்கம் 1990 வரை கல் அகழ்ந்த பெருங்குழிகள் இந்தப் பகுதியில் இன்னும் வாயைத் திறந்தபடி கிடக்கின்றன. மேலே உள்ள மண்ணும் கழுவுண்டு அந்தக் குழிகளுக்குட் போவதை நாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

காற்றும் மண்ணைக் கொண்டு போகும் என்பதற்கு வடமராட்சி கிழக்கு மணற்காடு சாட்சி. அங்கே பழைய புனித அந்தோனியார் ஆலயம் மணற்குன்றுகளுக்குட் புதைந்து, சுவர்கள் மட்டும் வெளியே தெரிய நிற்கின்றது. அதே மணற்காட்டில் நட்ட சவுக்கமரங்கள் மணலை ஓரளவுக்குக் கட்டி வைத்திருக்கின்றன. ஆலயத்தை மூடியதும் மணல், மரம் நிறுத்தி வைத்திருப்பதும் அதே மணல்.

மறுத்துச் சொல்வோருக்கு

"சுவாமி, பற்றையை விட்டாற் பாம்பு வரும், வெடிபொருள் கிடக்கும், பயிர் வைக்காமல் என்னத்தைச் சாப்பிடுவது?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்விகள் நியாயமானவை.

வெடிபொருள் விடயத்தில் இரண்டாம் பேச்சுக்கே இடமில்லை. கண்ணிவெடி அகற்றுவோர் ஆபத்தில்லை என்று உறுதிசெய்யாத காணியில் ஒரு கதியாலும் ஊன்றவேண்டாம், ஒரு தடியும் முறிக்கவேண்டாம். அவர்கள் முடித்த பின்னரே எமது வேலை தொடங்குகின்றது. பாம்பைப் பொறுத்தவரை வீட்டைச் சுற்றியும் நடைபாதையிலும் கட்டாயம் வெளியாக்குங்கள். நாம் எதிர்ப்பது துப்புரவாக்குவதை அல்ல. ஒரே நாளில், ஒரே வீச்சில், வேரோடு எல்லாவற்றையும் வாருவதையே.

பயிர் வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் முதல் போகத்தில் முழுக் காணியிலும் பயிர் வைக்க எத்தனை குடும்பங்களுக்குப் பணமும் இறைப்பும் ஆட்பலமும் உண்டு? பெரும்பாலானோர் பத்துப் பரப்பை வெளியாக்கி இரண்டு மூன்று பரப்பிற் பயிர் செய்கின்றார்கள். மிகுதி வெறுமையாகக் கிடக்கின்றது. வெறுமையாகக் கிடக்கும் மண்ணைப் பார்த்தீனியம் பிடிக்கின்றது. பற்றையை அழித்து அதனிலும் கெட்ட களையை வளர்ப்பதற்கா இயந்திரத்துக்குக் கூலி கொடுத்தோம்?

எனவே எமது யோசனை இது. பயிர் வைக்கக்கூடிய அளவை மட்டும் முதல் வருடம் வெளியாக்குங்கள். மிகுதியில் இப்பில்-இப்பிலை இடுப்பளவில் வெட்டுங்கள், வேரை விடுங்கள். அது மீண்டும் தளிர்க்கும். தளிர்த்த குழை தோட்டத்துக்குப் பசளை. ஆட்டுக்கு அளவோடு தீன். காய் முற்றி விதை சிந்துவதற்கு முன்னர் வெட்டினால் பரவாது. எல்லையில் நீங்கள் நட்ட நல்ல மரம் வேர் பிடித்த பின்னர், பகுதி பகுதியாக இப்பிலைக் கிளப்புங்கள். வெட்டிய கொப்புகளை எரிக்காமல், நீர் ஓடும் திசைக்குக் குறுக்கே வரிசையாகப் போடுங்கள். வயலிற் களைகளைப் பிடுங்கவா என்று கேட்ட வேலையாட்களுக்கு, களையோடு கோதுமையும் பிடுங்குண்டு போகும், பொறுங்கள் என்று நற்செய்தியில் வரும் வீட்டுத் தலைவர் சொன்னாரே, அது கமத்தொழில் தெரிந்தவரின் பேச்சு.

எந்த இடத்துக்கு எந்த வேர்

மரம் நடுங்கள் என்று பொதுவாகச் சொல்வது எளிது. பொருந்தாத இடத்தில் நட்ட மரம் தீமையும் செய்யும்.

காணி எல்லைக்குப் பனையே முதன்மை. பனைக்கு ஆணிவேர் இல்லை; அடியிலிருந்து எண்ணற்ற நார்வேர்கள் புறப்பட்டு மண்ணைப் பின்னிப் பிடிக்கின்றன. மெல்லிய வேர்களின் பலத்தைப் பற்றி மேலே சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். பனையின் நிழலும் ஒடுங்கியது; பயிரை அதிகம் மறைக்காது. பலன் தரப் பல வருடம் செல்லும் என்பது உண்மை. ஆகவே பனங்கொட்டைக்கு இடையிடையே கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவைக் கதியால்களை ஊன்றுங்கள். அவை முதல் மாரியிலேயே வேர்விடும், குழையும் தரும். எல்லைப் பனை வரிசைக்கு இன்னொரு பெறுமதியும் உண்டு. உறுதி தொலைந்தவர்களும் மதில் இடிந்தவர்களும் தம் காணியை அடையாளம் காட்ட முடிந்தது, எஞ்சி நின்ற பனையையும் கிணற்றையும் கொண்டுதான்.

வெள்ளவாய்க்கால் ஓரத்துக்கும் நீர் பாயும் பள்ளத்துக்கும் வெட்டிவேர் ஏற்றது. மழை தொடங்கும்போது நாற்றைப் பிரித்து, நீர் ஓடும் திசைக்குக் குறுக்கே, ஒரு சாண் இடைவெளிக்கு மேற்படாமல் நெருக்கமாக நடவேண்டும். இடைவெளி விட்டால் அதனூடாகவே வெள்ளம் அறுத்துப் போகும்.

குளக்கட்டில் பெரிய மரம் வேண்டாம். மரம் ஒருநாள் சாகும். செத்த வேர் உக்கினால் அது இருந்த இடம் குழாயாகி, நீர் அதனூடே புகுந்து கட்டை உடைக்கும். கட்டுக்குப் புல்லே காவல். அதேபோல் கிணற்றடியில் ஆலும் அரசும் முளைத்தால் கன்றிலேயே அகற்றுங்கள். வளர்ந்தால் கிணற்றுக் கட்டைப் பிளந்துவிடும்.

கல் அகழ்ந்த குழிகளின் விளிம்பில் இயற்கையாக முளைத்த பற்றையைத் தொடவேண்டாம். நெட்டுக்குத்தான கற்சுவரை வேர் தாங்காது. ஆனால் அதன் தலைமேல் உள்ள மண் குழிக்குள் இறங்காமல் அது பிடித்துக்கொள்ளும். பிள்ளைகளும் கால்நடைகளும் கிட்டப் போகாமலும் தடுக்கும்.

கடற்கரையில் தாழையும் இராவணன் மீசையும் அடம்பனும் எமக்காக யாரோ நட்டு வைத்தவை போல் வளர்கின்றன. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று ஒற்றுமைக்கு உவமை சொல்கின்ற நாம், அதை அள்ளி எறிந்துவிட்டு மணலையும் ஏற்றிக் கொடுக்கின்றோம். கரையிலுள்ள பச்சையைப் பேணுவது மீனவருக்கும் தோட்டக்காரருக்கும் பொதுக் கடமை.

வேர்பிடிக்குமுன் கைவிடுவோர்

அரசையும் உதவி நிறுவனங்களையும் நோக்கியும் சில சொல்ல வேண்டும். மீள்குடியேற்றம் என்றாற் கூரைத்தகடு, மலசலகூடம், பின்னர் ஒரு வீடு என்று கணக்கு முடிகின்றது. காணியின் மண்ணுக்கும் மரத்துக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. பனையை அனுமதியின்றித் தறிக்கக்கூடாது என்று கமக்காரருக்குச் சட்டம் சொல்கின்றது. பனை வளத்துக்கென 1978 முதல் ஒரு சபையும் உண்டு. அப்படியானால் போர்க்காலத்தில் மக்களின் காணியில் தறிக்கப்பட்ட பனைகளுக்கு யார் பொறுப்பு? இழந்த வீட்டுக்கு நட்டஈடு கேட்பது போல் இழந்த பயன்தரு மரங்களுக்கும் கேட்கவேண்டும். முதல் மாரிக்கு முன்னர் வரம்பு கட்டுவதற்கும் கதியால் நடுவதற்கும் திரும்பிவரும் குடும்பத்துக்கே கூலி கொடுங்கள். மரநடுகை விழாவில் நட்ட கன்றை எண்ணவேண்டாம்; மூன்று வருடம் கழித்து உயிரோடு நிற்பதை எண்ணுங்கள். கட்டாக்காலி மாடுகளுக்குக் கூடு கட்டாமல் நட்ட கன்று, மாட்டுக்கு இட்ட தீன்.

பழைய வேர் போய்ப் புதிய வேர் பிடிக்காத காலமே ஆபத்துக்காலம் என்று மேலே கண்டோம். மனிதருக்கும் அதுவே விதி. காணி விடுவிக்கப்பட்ட திகதியோடு முகாம் மூடப்படுகின்றது, நிவாரணம் நிறுத்தப்படுகின்றது, பெயர் இடம்பெயர்ந்தோர் பட்டியலிலிருந்து வெட்டப்படுகின்றது. அந்தக் குடும்பமோ முதல் வெங்காயத்தைக்கூட இன்னும் கிண்டியிருக்காது. முகாமில் வளர்ந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் கூலிவேலையும் சினேகிதரும் முகாமைச் சுற்றியே இருந்தன. அந்த வேரும் வேர்தான். அதை அறுத்துவிட்டு, முப்பது வருடம் காணாத மண்ணில் அடுத்த நாளே நிமிர்ந்து நில் என்றால், முதல் மழையிற் சரியும். சரிந்த பின்னர், சோம்பேறிகள், காணியைக் கொடுத்தும் செய்யத் தெரியாதவர்கள் என்று குறை சொல்கின்றார்கள். இரண்டு போகம் கண்டு அறுவடையாகும்வரை உதவி தொடரவேண்டும் என்பது சலுகை அல்ல. மண்சரிவைத் தடுப்பதற்குச் செய்யும் அதே காரியம்.

இன்னும் விடுவிக்கப்படாத காணிகளைப் பற்றிப் பேசாமல் இருப்பதும் சரியல்ல. அங்கே படையினர் மரக்கறி பயிரிடுகின்றார்கள் என்று காணிச் சொந்தக்காரர் பல தடவை முறையிட்டிருக்கின்றார்கள். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாபு அரசன் கேட்டதும் காய்கறித் தோட்டம் போடுவதற்கே. முன்னோரின் உரிமைச் சொத்தை நான் தரமாட்டேன் என்று நாபோத் சொன்னதைத் திருமறை நியாயம் என்று ஏற்றது, அரசனையே கண்டித்தது. மக்கள் நாடுகடத்தப்பட்ட காலத்தில் நிலம் தன் ஓய்வு ஆண்டுகளை அனுபவித்தது என்றும் திருமறையில் வாசிக்கின்றோம். எமது நிலத்துக்கு அந்த ஓய்வும் கிடைக்கவில்லை. அதைத் தோண்டினார்கள், அணை எழுப்பினார்கள், மரம் தறித்தார்கள். களைத்துப்போன நிலமாகவே அது எம்மிடம் வருகின்றது. களைத்த மாட்டை வீட்டுக்கு வந்த அன்றே உழவிற் பூட்டுகின்றவன் கமக்காரன் அல்லன்.

காத்திருப்போருக்கும் வேலை உண்டு. நகரம் முற்றுகைக்குள் இருந்தபோது, தானும் காவலில் இருந்தபோது, எரேமியா ஆனாத்தோத்தில் ஒரு நிலத்தை விலைகொடுத்து வாங்கி, அதன் உறுதியை மண்பானையில் வைத்துப் பாதுகாக்கச் செய்தார். அந்த நிலத்திற் கால்வைக்க முடியாத நேரத்தில் அதைச் செய்தார். எமது மக்களும் காணி உறுதியைப் பெட்டியின் அடியில் வைத்து முகாம் முகாமாகக் கொண்டு திரிந்தவர்கள். அதோடு ஒரு தலைமுறை அறிவையும் கொண்டு போகவேண்டியுள்ளது. எந்த எல்லையில் எந்த மரம் நின்றது, வெள்ளம் எந்தப் பக்கத்தால் ஓடும், எங்கே மண் ஆழம், எங்கே கல் என்பவற்றை மூத்தவர்களிடம் கேட்டுப் பிள்ளைகள் இன்றே எழுதி வைக்கட்டும். அந்த மூத்தவர்கள் எம்மோடு இன்னும் அதிக காலம் இருக்கமாட்டார்கள்.

பனம்பழம் விழும் ஆவணி, புரட்டாதியிற் கொட்டைகளைப் பொறுக்கி வையுங்கள். காணி உள்ளவர் ஐப்பசி மழைக்கு முன் எல்லையிற் புதையுங்கள். காணி இல்லாதவர் அயலவருக்கோ ஆலய வளவுக்கோ கொடுங்கள். கமநல சேவை நிலையத்தில் வெட்டிவேர் நாற்றுக் கேளுங்கள். இல்லை என்றாற் கூட்டாகக் கடிதம் எழுதிக் கேளுங்கள். இயந்திரம் பிடிக்குமுன் காணியை ஒருமுறை சுற்றி நடந்து, நிற்கவேண்டிய மரங்களுக்கு ஒரு துணித்துண்டு கட்டுங்கள். சாரதியிடம், "தம்பி, துணி கட்டினதைத் தொடாதை" என்று சொல்லுங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை.